பின்வரிசைப் பானையும் ஒரு சூப்பர் குரூப்பும்

ரொம்ப நாளா நண்பர் ஒருத்தர் நச்சரிச்சுக்கிட்டே இருக்கார். "ராக் இசை கேக்கறேன்னு பெருமை பேசற இல்ல, இந்த சூப்பர் குரூப், கான்செப்ட் ஆல்பம் எல்லாம் என்னன்னு எங்களுக்கும் புரியற மாதிரி ஒரு பதிவு போடு" என்று. அவர் எதிர்பார்ப்பது எமர்சன் லேக் அண்ட் பாமர், யெஸ், ஜெனிசிஸ் வகையறா. வாயில் நுழையாத பேர்களை அடுக்கி, நாலு சுட்டி கொடுத்து முடிச்சிடலாம்.

ஆனா பாருங்க, நான் குரும்பலூர்க்காரன். பெரம்பலூரிலிருந்து துறையூர் போற ரோட்டில் இருக்கிற ஊர். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையற பூமி. எங்க தாத்தா அங்கே மண்பாண்டம் செய்தவர். எனக்கு முதன்முதலா அறிமுகமான சூப்பர் குரூப்பில், உலகத்திலேயே வேகமானவர்னு பேர் வாங்கின ஒரு கிதார்க்காரரோடு சரிசமமா உட்கார்ந்து ஒருத்தர் பானையைத் தட்டிக்கிட்டு இருந்தார். அதை விட்டுட்டு வேற எதை எழுதறது? அதனால நண்பரே, மன்னிச்சுக்கோங்க. இது சக்தி குழுவைப் பத்தின பதிவு.

முதல்ல நண்பர் கேட்ட ரெண்டு வார்த்தைக்கும் விளக்கம் சொல்லிடறேன். ஏற்கெனவே பேர் வாங்கின ஆட்கள், தங்களோட பழைய குழுக்களை விட்டுட்டு வந்து ஒண்ணா சேர்ந்தா அது சூப்பர் குரூப். 1966-ல் கிரீம், 1970-ல் எமர்சன் லேக் அண்ட் பாமர். பின்னதில் மூணு பேரும் மூணு வேற வேற குழுக்களில் இருந்து வந்தவங்க. நம்ம ஊர்க் கணக்கில், மூணு ஜமீந்தார் சேர்ந்து ஒரு வீட்டில் குடித்தனம் பண்ற மாதிரி. சமையலறையில் யார் சொல்றது நடக்கும்னு சண்டை வராம இருக்காது. சூப்பர் குரூப் பலதும் சீக்கிரம் உடைஞ்சதுக்குக் காரணம் அதுதான்.

கான்செப்ட் ஆல்பம்னா, தனித்தனிப் பாட்டுகளைச் சேர்த்துக் கட்டின மூட்டையா இல்லாம, தட்டு முழுக்க ஒரே எண்ணம் ஓடுறது. தி ஹூ குழுவோட 'டாமி' (1969), பிங்க் ஃபிளாய்டோட 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) எல்லாம் இந்த வகை. 1971-ல் வந்த 'டார்கஸ்' இசைத்தட்டில் ஒரு பக்கம் முழுக்க, இருபது நிமிஷம், ஒரே தொடர் இசை. 1972-ல் ஜெத்ரோ டல் ஒரு படி மேலே போய், தட்டோட ரெண்டு பக்கத்தையும் ஒரே பாட்டாவே போட்டுட்டாங்க. நம்ம பக்கம் இதுக்கு உதாரணம் கேட்டா எல்லாரும் ராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' (1986) தான் சொல்வாங்க. சரிதான். ஆனா அதைப் பத்தி எழுதாத ஆளே கிடையாது. அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே தமிழ் பேசற கைகள் இந்த ஆட்டத்துக்குள்ள வந்தாச்சு. நான் சொல்லப் போறது அந்தக் கதை.

*

யார்க்‌ஷயரில் 1942-ல் பிறந்தவர் ஜான் மெக்லாக்லின். மைல்ஸ் டேவிஸோட 'இன் எ சைலன்ட் வே', 'பிட்சஸ் ப்ரூ' பதிவுகளில் கிதார் வாசிச்சவர். 1971-ல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரானு ஒரு குழு ஆரம்பிச்சார். பேரைப் பார்த்துட்டு பஜனைக் கோஷ்டின்னு நினைச்சுடாதீங்க. ரெட்டைக் கழுத்து மின்கிதார், மலை மாதிரி ஒலிபெருக்கிகள், காதைப் பிளக்கிற சத்தம். ஏழு மாத்திரை, ஒன்பது மாத்திரைன்னு கோணல் கணக்குகள். ஜாஸ் கேக்கறவனும் ப்ராக்ரெசிவ் ராக் கேக்கறவனும் ஒரே வரிசையில் நின்னு டிக்கெட் வாங்கினாங்க. 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' (1973) வந்தப்போ அவங்க உச்சத்தில் இருந்தாங்க. அந்த வருஷ முடிவில் முதல் அணி உடைஞ்சுது.

இவ்வளவு பெரிய பேரோட இருந்த மனுஷன் செய்தது என்ன தெரியுமா? அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போய் வீணை படிச்சார்.

அங்கேதான் எல். சங்கரோட பழக்கம். சங்கரோட அப்பா வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை சொல்லிக் கொடுத்தவர். 1958 கலவரத்துக்கு அப்புறம் குடும்பத்தோட இலங்கையை விட்டு சென்னைக்கு வந்தவர். வயலினைப் பக்கவாத்தியமா மட்டும் பார்க்காம தனி வாத்தியமா நிறுத்தணும்னு பிள்ளைகளை வளர்த்தார். மூத்தவர் எல். வைத்தியநாதன். 'ஏழாவது மனிதன்' படத்துக்கும் 'மால்குடி டேஸ்' தொடருக்கும் இசையமைச்சாரே, அவரேதான். அடுத்தவர் எல். சுப்ரமணியம். கடைக்குட்டி சங்கர் 1969-ல் அமெரிக்கா போய் வெஸ்லியனில் முனைவர் பட்டத்துக்குப் படிச்சார்.

மூணாவது ஆள் ஜாகிர் உசேன். ரவிசங்கருக்குத் தபலா வாசிச்ச அல்லா ரக்காவோட பையன். நாலாவது ஆள் டி.எச். விநாயக்ராம், கடம். சென்னையில் எம்.எஸ். சுப்புலட்சுமி உட்பட பெரிய பெரிய வித்வான்களுக்கு வாசிச்சவர். இவரோட அப்பா ஹரிஹர சர்மா 1958-ல் சென்னையில் ஒரு தாளவாத்தியப் பள்ளியே தொடங்கினவர். முதல் தட்டில் மட்டும் ஐந்தாவதா ராமநாதபுரம் வி. ராகவன் மிருதங்கம் வாசிச்சார். பாடகர் ராமநாதபுரம் கிருஷ்ணனோட தம்பி அவர். அவரும் வெஸ்லியனில் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருந்தார்.

1975 ஜூலை 5-ம் தேதி நியூயார்க் மாநிலத்தில் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் இவங்க வாசிச்ச கச்சேரியை அப்படியே பதிவு பண்ணி, 1976-ல் கொலம்பியா நிறுவனம் தட்டா வெளியிட்டுது. மொத்தமே மூணு உருப்படி. முதலாவது 'ஜாய்', பதினெட்டு நிமிஷம். ரெண்டாவது 'லோட்டஸ் ஃபீட்', அஞ்சு நிமிஷத்துக்குள்ள. மூணாவதுக்கு ரயில் வண்டி மாதிரி ஒரு பேரு. தமிழில் சொன்னா, இது எனக்கெதற்கு, அது எனக்கெதற்கு, இறைவன் திருவடியில் ஆடுகிறேன், எல்லாம் ஆனந்தம், எல்லாம் ஆனந்தம். பேருக்குத் தகுந்த மாதிரி இருபத்தெட்டு நிமிஷத்துக்கு மேல ஓடும்.

இது கான்செப்ட் ஆல்பமான்னு இசைப் பண்டிதர்கள் அடிச்சுக்கட்டும். என்னைக் கேட்டா ஆமாம்பேன். மகிழ்ச்சியில் ஆரம்பிச்சு, தாமரைப் பாதத்தைக் கண்டு, கடைசியில் அந்தப் பாதத்திலேயே கிடந்து ஆடுறது. ஒரு வார்த்தை பாடாமலே தேவாரம் ஓதின வீட்டுப் பிள்ளைக்குப் புரியற கதை இது. பிங்க் ஃபிளாய்டு பைத்தியத்தையும் மரணத்தையும் எடுத்துக்கிட்டாங்க. இவங்க ஆனந்தத்தை எடுத்துக்கிட்டாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

*

இப்ப குரும்பலூருக்கு வருவோம்.

1993. அப்ப பெரம்பலூர் தனி மாவட்டம் ஆகல, திருச்சி மாவட்டம்தான். நான் எட்டாவது. சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்தப்போ ஒரு டேப் ரெக்கார்டரும் ஒரு பை நிறைய கேசட்டும் கொண்டு வந்தார். எல்லாம் நம்ம சினிமாப் பாட்டு. ஒரே ஒரு கேசட் மட்டும் அட்டை கிழிஞ்சு, இங்கிலீஷ் எழுத்தோட இருந்துச்சு. 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'. சக்தியோட ரெண்டாவது ஆல்பம், 1976-ல் லண்டனில் பதிவானது. இதெல்லாம் பிற்பாடு தெரிஞ்சுக்கிட்டது.

"கூட வேலை செஞ்ச ஒருத்தன் கொடுத்தான்டா. சக்தின்னு பேர் போட்டிருக்கே, அம்மன் பாட்டுன்னு நினைச்சு வாங்கிட்டேன். ஒரே இழுவை. வேணும்னா நீ வெச்சுக்க" என்றார் சித்தப்பா.

ஒரு ஞாயித்துக்கிழமை அதைப் போட்டு விட்டேன். முதல் பாட்டே வாயால் ஜதி சொல்றதில் ஆரம்பிக்கும். கொன்னக்கோல்னு அதுக்குப் பேர் என்பதெல்லாம் அப்ப தெரியாது. தாத்தா வாசலில் உட்கார்ந்து, பச்சைப் பானைக்குள்ள கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடி சேர்த்துக்கிட்டு இருந்தார். கொஞ்ச நேரத்தில் தட்டுற சத்தம் நின்னு போச்சு.

"டேய், அது என்னடா சத்தம்?"

"தபலா தாத்தா."

"தபலாவும் இருக்கு. கூட இன்னொண்ணு இருக்கு பாரு. அது பானை."

"போங்க தாத்தா. பானையை எவனாவது கேசட்டுல தட்டுவானா?"

"நல்லா வெந்த பானைடா. சுவரு கனம். வாய் சின்னது."

கேசட் அட்டையை எடுத்துப் படிச்சேன். டி.எச். விநாயக்ராம், கடம்னு இருந்துச்சு. கடம்னா என்னன்னு பெரம்பலூரில் எங்க தமிழ் ஐயாகிட்ட கேட்டப்போதான் தாத்தா சொன்னது சரின்னு புரிஞ்சுது. குடம்தான். அறுபது வருஷமா, சூளையில் இருந்து எடுக்கிற ஒவ்வொரு பானையையும் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தவர் அவர். கீறல் விட்டிருந்தா சத்தம் 'டப்'னு அடங்கும், நல்லா வெந்திருந்தா 'ணங்'னு நிக்கும். வாங்க வர்றவங்களும் அப்படித் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவாங்க. அவருக்குப் பானைன்னா முதல்ல சத்தம், அப்புறம்தான் பாத்திரம்.

ஒண்ணு சொல்லணும். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பேரே சட்டிதான். "டேய் சட்டி" என்று கூப்பிட்டாத்தான் திரும்பணும். அன்னைக்கு அந்தக் கேசட்டைக் கேட்டதும் நெஞ்சு நிமிர்ந்துச்சுன்னு எல்லாம் கதை விடமாட்டேன். ஆனா மறுநாள் அந்தப் பேரைக் கேட்டப்போ முன்ன மாதிரி சுருக்குன்னு இல்ல.

தாத்தா ஜதி, கிதார் எதைப் பத்தியும் கேட்கல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தப் பானைக்காரரு எங்கடா உக்காந்திருக்காரு? முன்னாலயா, பின்னாலயா?"

கேசட்டுக்குள்ள எங்க தாத்தா தெரியும்னு சிரிச்சேன். அவர் சிரிக்கல. "கோயில் கச்சேரியில பாத்திருக்கேன். பின்னாலதான் உக்காருவாரு" என்று சொல்லிட்டு மறுபடி பலகையை எடுத்துக்கிட்டார்.

*

அந்தக் கேள்வியோட அர்த்தம் எனக்கு விளங்க ஆறு வருஷம் ஆச்சு. திருச்சியில் கல்லூரி படிக்கும்போது நண்பன் ஒருத்தன் ஒரு சபா கச்சேரிக்கு இழுத்துக்கிட்டுப் போனான். நடுவில் பாடகர். ஒரு பக்கம் வயலின், இன்னொரு பக்கம் மிருதங்கம். கடம் வித்வான் மிருதங்கத்துக்குக் கொஞ்சம் பின்தள்ளி உட்கார்ந்திருந்தார். மிருதங்கம் பக்கவாத்தியம், கடம் உபபக்கவாத்தியம். பக்கத்துக்கும் பக்கம். மிருதங்கக்காரர் வாசிச்சதைத் தொடர்ந்து போகணும், அவர் நிறுத்தச் சொன்னா நிறுத்தணும். தனி ஆவர்த்தனத்தில் கிடைக்கிற சில நிமிஷம்தான் சொந்த நேரம். அந்த நேரத்தில்தான் எங்க வரிசையில் பாதிப் பேர் காபி குடிக்க எழுந்து போனாங்க.

இதைக் குறையா சொல்லல. கச்சேரிக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு, அதில் பாட்டுதான் அரசன். ஆனா அந்த ஒழுங்கைத் தெரிஞ்சுக்கிட்டாத்தான் சக்தி செய்தது எவ்வளவு பெரிய காரியம்னு புரியும்.

1976-ல் சுவிட்சர்லாந்து மாந்த்ரே விழாவில் இவங்க வாசிச்சதைப் பாருங்க. ஒரே மேடை, ஒரே விரிப்பு. நாலு பேரும் சம்மணம் போட்டு ஒரே மட்டத்தில் உட்கார்ந்திருக்காங்க. ராகவன் முதல் தட்டோட விலகிட்டதால், அடுத்த ரெண்டு ஆல்பத்திலும் மிருதங்கத்துக்குன்னு தனி ஆள் கிடையாது. சில இடங்களில் விநாயக்ராமே மிருதங்கமும் வாசிச்சிருக்கார். டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிதார் கிடையாது. ராக் குழுவில் அந்த ரெண்டும்தான் வீட்டுக்கு அஸ்திவாரம். இங்கே அஸ்திவாரம் தபலாவும் பானையும். வாயை வயித்தில் அழுத்தி வெச்சு, அழுத்தத்தைக் கூட்டிக் குறைச்சு, கடத்தில் இருந்து அடிவயித்துச் சத்தம் ஒண்ணு எடுப்பாங்க. பேஸ் கிதார் செய்யவேண்டிய வேலையில் ஒரு பகுதியை அந்தப் பானை தன் தலையில் எடுத்துக்கிச்சு.

இதோட அடுத்த பக்கமும் இருக்கு. தபலாவும் பக்கவாத்தியமாத்தான் வளர்ந்தது. வயலினும் இங்கே பாடகரோட நிழல்தான். ஆக, இந்தக் குழுவில் மேற்கிலிருந்து வந்த ஒரு நட்சத்திரம் தவிர மத்த மூணு பேரும் அவங்கவங்க மரபில் பக்கத்து இருக்கைக்காரங்க. அந்த நட்சத்திரமும் என்ன செய்தார்? மேலே ஏறி நிக்காம கீழே இறங்கி வந்தார். கம்பிகளை வளைச்சு கமகம் எடுக்கறதுக்காக, கிதாரோட மெட்டுகளுக்கு நடுவே இருக்கிற மரத்தைக் குடைஞ்சு எடுக்கச் சொன்னார். சுருதி கூட்ட குறுக்கே ஏழு கம்பி பூட்டச் சொன்னார். பாதி வீணையா மாறிப் போன அந்த கிப்ஸன் கிதாரோடு தரையில் வந்து உட்கார்ந்தார். கொன்னக்கோலும் கத்துக்கிட்டார்.

எல்லாரும் ஜமீந்தார் ஆனா குடித்தனம் நடக்காதுன்னு மேல சொன்னேன் இல்லையா? சக்தியில் ஜமீந்தாரே இல்ல. அதான் விஷயம். பெரிய ஆட்களைச் சேர்த்தது இந்த சூப்பர் குரூப்போட சாதனை இல்ல. அதை யார் வேணா பணம் கொடுத்துச் செய்யலாம். பின்னால் உட்கார்ந்திருந்ததை முன்னால் கொண்டு வந்ததுதான் சாதனை.

*

பாராட்டு மட்டும் கிடைச்சுதான்னா, இல்ல. மகாவிஷ்ணுவோட மின்னல் கிதாருக்குப் பழகின ரசிகர்கள் முழிச்சாங்க. மகாவிஷ்ணு தட்டுகள் மாதிரி இது விற்கல. நம்ம பக்கம், இது கர்நாடக சங்கீதமே இல்ல, கலப்படம்னு ஒரு கூட்டம். 1977-ல் மூணாவது ஆல்பம் 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' வந்துது. இருபத்தெட்டு நிமிஷமெல்லாம் கிடையாது, சின்னச் சின்ன உருப்படிகள். அதில் ஒண்ணுக்குப் பேர் 'கெட் டவுன் அண்ட் ஸ்ருதி'. யார் வெச்சாங்களோ, நல்ல குசும்பு. 1978-ல் குழு கலைஞ்சுது. முதல் மேடையிலிருந்து கணக்குப் போட்டா முழுசா நாலு வருஷம்கூட இல்ல.

ஆனா நாலு பேரும் அவங்கவங்க வழியில் இதைக் கொண்டு போனாங்க. ஃபிராங்க் ஸப்பா தயாரிப்பில் சங்கர் 1979-ல் 'டச் மீ தேர்'னு ஒரு தட்டு போட்டார். ஜெனிசிஸ் குழுவிலிருந்து வெளியே வந்த பீட்டர் கேப்ரியலோட 'பேஷன்' (1989) ஆல்பத்தில் அவரோட வயலின் அழறதைக் கேட்டிருப்பீங்க. (நண்பரே, பாருங்க, உங்க ஜெனிசிஸ் வந்துடுச்சு.) விநாயக்ராம் சென்னையில் அப்பாவோட பள்ளியைத் தொடர்ந்து நடத்தினார். கிரேட்ஃபுல் டெட் குழுவோட மிக்கி ஹார்ட் உருவாக்கின 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் அவரும் ஜாகிரும் வாசிச்சாங்க. 1992-ல் உலக இசைக்கு முதன்முதலா கிராமி விருது கொடுக்க ஆரம்பிச்சப்போ, அந்த முதல் விருதே அதுக்குத்தான் போச்சு. அதில் நம்ம பானையும் இருந்துச்சு.

அந்தப் பள்ளியில் படிச்ச சுகன்யா ராம்கோபால் கதையும் இதோட சேர்ந்ததுதான். வயலின் படிக்க வந்த பொண்ணு தாளத்துப் பக்கம் சாய்ந்து, கடத்தை எடுத்துக்கிட்டார். பெண் ஒருத்தி கடம் வாசிச்சா அவளோட சேர்ந்து மேடையில் உட்கார மாட்டோம்னு சொன்ன மிருதங்க வித்வான்களும் இருந்தாங்க. அவர் சளைக்கல. வேற வேற சுருதியில் பல பானைகளை முன்னால் பரப்பி, கட தரங்கம்னு வாசிக்க ஆரம்பிச்சார். பெண்களை மட்டும் வெச்சு ஒரு தாளவாத்தியக் குழுவும் கட்டினார். பின்வரிசைக்கே இடம் தர மறுத்தவங்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்து பதில் சொன்னார்.

1997-ல் 'ரிமெம்பர் சக்தி'ங்கற பேரில் குழு திரும்ப வந்தப்போ ஆரம்பத்தில் ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல். அதுக்கப்புறம் யார் யார் சேர்ந்தாங்கன்னு பாருங்க. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். கர்நாடக சங்கீதத்தில் மாண்டலினான்னு முகம் சுளிச்ச சபாக்களைச் சின்னப் பையனா இருக்கும்போதே வாயடைக்க வெச்சவர். அடுத்து விநாயக்ராமோட மகன் வி. செல்வகணேஷ், கஞ்சிரா. 'வெண்ணிலா கபடி குழு'வுக்கு இசையமைச்சவர்னா சட்டுன்னு தெரியும். கஞ்சிராவும் உபபக்கவாத்தியம்தான். கடம், கஞ்சிரா, மாண்டலின். கச்சேரி மேடை ஓரத்தில் நின்ன வாத்தியங்களாத் தேடித் தேடி எடுத்த மாதிரி இருக்கு. ஸ்ரீநிவாஸ் 2014-ல் நாற்பத்தஞ்சே வயசில் போயிட்டார். அந்த வலி இன்னும் இருக்கு.

மறுபடி சங்கர் மகாதேவன், வயலின் கணேஷ் ராஜகோபாலன், செல்வகணேஷ் ஆகியோரோட ஜானும் ஜாகிரும் சேர்ந்து 2023-ல் 'திஸ் மொமன்ட்' வெளியிட்டாங்க. 2024 பிப்ரவரியில் அதுக்கு கிராமி. முதல் மேடையிலிருந்து கணக்குப் பண்ணினா கிட்டத்தட்ட ஐம்பது வருஷம். அதே வருஷம் டிசம்பர் 15-ல் ஜாகிர் உசேன் சான் ஃபிரான்சிஸ்கோவில் காலமானார். அன்னைக்கு ராத்திரி ஹெட்போனில் 'லோட்டஸ் ஃபீட்' கேட்டேன். அஞ்சு நிமிஷத்தைத் தாண்டாத பாட்டு, ஒரு மணி நேரம் ஓடுச்சு.

*

இதோட முடிச்சிருக்கலாம். ஆனா தாத்தா கேள்வி இன்னும் ஒரு படி மிச்சம் இருக்கு.

மெக்லாக்லினோட அந்த கிதாரை உருவாக்கினவர் ஏப்ரஹாம் வெக்டர். கிதார் ரசிகர்கள் அத்தனை பேருக்கும் இந்தப் பேர் தெரியும். எத்தனை கம்பி, எப்படிக் குடைஞ்சார்னு பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க. அந்தக் கடத்தைச் செய்தவர் யாருன்னு ஒரு வரி எழுதினவங்களை நான் பார்த்ததில்ல.

கடத்துக்குப் பேர் போன ஊர் மானாமதுரை. அங்கே செய்யற கடம் கனமா, தடிச்ச சுவரோட இருக்கும், சத்தம் உலோகம் மாதிரி நிக்கும். தண்ணிப் பானை செய்யற மாதிரி இல்ல இது. சுவர் எல்லாப் பக்கமும் ஒரே கனமா வரணும், இல்லாட்டி ஒரு பக்கம் ஒரு சத்தம், இன்னொரு பக்கம் வேற சத்தம். அதுக்காகத் தட்டிக்கிட்டே இருக்கணும். மிருதங்கம்னா வாரை இழுத்து சுருதி சேர்த்துக்கலாம். கடம் சூளையை விட்டு வெளியே வந்த அன்னைக்கு என்ன சுருதியோ, உடையற வரைக்கும் அநேகமா அதேதான். அதனாலதான் கடம் வித்வான்கள் வீட்டில் சுருதிக்கு ஒண்ணா வரிசையா அடுக்கி வெச்சிருப்பாங்க. அப்படின்னா யோசிச்சுப் பாருங்க. அந்த வாத்தியத்துக்கு முதல் சுருதி சேர்க்கிறது வித்வான் இல்ல, மண்ணைப் பிசைஞ்சவர்.

பிரணாப் முகர்ஜி குடியரசுத் தலைவரா இருந்த காலத்தில், மானாமதுரையில் கடம் செய்யற மீனாட்சி கேசவனுக்கு சங்கீத நாடக அகாதமி விருது கொடுத்தாங்க. வித்வான்கள் வாங்கற அதே விருது. 2023-ல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சுது. மெதுவாத்தான் நடக்குது. ஆனா நடக்குது. மிருதங்கத்துக்குப் பின்னால் இருந்த கடம் முன்னால் வந்தது ஒரு நகர்வு. கடத்துக்குப் பின்னால் இருக்கிற கை முன்னால் வர்றது அடுத்த நகர்வு.

எங்க தாத்தா கடம் செய்தவர் இல்ல. சோத்துப் பானை, குழம்புச் சட்டி, பொங்கப் பானை, அகல் விளக்கு, அப்புறம் சுடுகாட்டுக்குப் போற கொள்ளிக்குடம். இதுதான் அவர் வேலை. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்து அதையும் தின்னுட்டுப் போச்சு. அப்பா வெங்காய மண்டிக்குக் கணக்கு எழுதப் போனார். நான் கணினி தட்டப் போயிட்டேன். குடும்பத்தில் கடைசியா மண் மிதிச்சவர் தாத்தாதான்.

2003-ல் அவர் படுக்கையில் இருக்கும்போது சென்னையிலிருந்து போயிருந்தேன். அப்பதான் சக்தி வாசிக்கிற ஒளிப்பதிவு ஒண்ணு சி.டி.யில் என் கைக்கு வந்திருந்துச்சு. பக்கத்து வீட்டு அண்ணன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டு வந்து தாத்தா கட்டில் பக்கத்தில் வெச்சுப் போட்டுக் காட்டினேன். படம் தெளிவா இல்ல. தாத்தாவுக்குக் கண்ணும் தெளிவா இல்ல.

"தாத்தா, ஞாபகம் இருக்கா? பானைக்காரரு எங்க உக்காந்திருக்காருன்னு கேட்டீங்களே."

கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாருடா இவங்கள்ல பாட்டுக்காரரு?"

"பாட்டுக்காரரே இல்ல தாத்தா. நாலு பேரும் வாசிக்கிறவங்கதான்."

"அப்ப சரி" என்றார். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு, பாட்டு முடியற வரைக்கும் கட்டில் சட்டத்தில் விரலை மடக்கித் தட்டிக்கிட்டே இருந்தார். தாளத்துக்கு எல்லாம் இல்ல. பானை வெந்திருக்கான்னு பார்க்கிற அதே தட்டு.

*

டிஸ்கி 1: சக்தியை முதன்முதலா கேக்கப் போறவங்க நேரா இருபத்தெட்டு நிமிஷத்தில் குதிக்காதீங்க. 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'யில் முதல் பாட்டு 'லா டான்ஸ் டு பொனேர்', அங்கே ஆரம்பிங்க. பிடிச்சா 'லோட்டஸ் ஃபீட்'. அப்புறம் ஒரு ராத்திரி, வீட்ல எல்லாரும் தூங்கினதும், பெரிசு.

டிஸ்கி 2: உங்க ஊரில் இப்பவும் யாராவது மண்பாண்டம் செய்யறாங்கன்னா பொங்கலுக்கு ஒரு பானை வாங்குங்க. வாங்கும்போது தட்டிப் பார்த்து வாங்குங்க. கோவிச்சுக்க மாட்டாங்க.